பதினோரு வாரம், ஒரு குதிரை

1756-ஆம் வருஷம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து ஒருத்தர் குடி வருகிறார். வயசு 30-ஐத் தாண்டிவிட்டது. ஓவியர். பெரிய பெயர் எதுவும் இல்லை. கூட மேரி ஸ்பென்சர் என்ற பெண். அந்த வீட்டுக்கு ஒவ்வொன்றாக குதிரைகள் வருகின்றன. வந்த எதுவும் திரும்பிப் போகவில்லை.

அடுத்த 18 மாதம் அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டால் கொஞ்சம் குமட்டும். ஆனால் உலகத்தில் பந்தயக் குதிரையை வரைந்தவர்களில் முதல் பெயராக இன்றைக்கும் சொல்லப்படுகிற ஜார்ஜ் ஸ்டப்ஸ் உருவானது அந்த வீட்டில்தான்.

காப்பி அடிக்க மாட்டேன்

ஸ்டப்ஸ் பிறந்தது 1724-இல், லிவர்பூலில். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். அதனால் விலங்குத் தோல், அந்த வாடை எல்லாம் சின்ன வயசிலேயே பழக்கம். எட்டு வயசு வாக்கிலேயே பக்கத்தில் இருந்த ஒரு டாக்டர் எலும்புகளைக் கொடுக்க, உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாராம். மற்ற பசங்க விளையாடப் போன நேரத்தில் இவர் கையில் எலும்பு!

அந்தக் காலத்தில் ஓவியம் கற்றுக்கொள்ள ஒரே வழி, ஏற்கனவே பெயர் வாங்கிய ஓவியரிடம் சேர்ந்து பழைய படங்களைப் பார்த்து அப்படியே வரைந்து பழகுவது. ஸ்டப்ஸும் ஹாம்லெட் வின்ஸ்டன்லி என்பவரிடம் சேர்ந்தார். எந்தப் படத்தைப் பார்த்து வரைவது என்பதிலேயே இரண்டு பேருக்கும் தகராறு. சில வாரங்களிலேயே வெளியே வந்துவிட்டார். இனிமேல் யாருடைய படத்தையும் பார்த்து வரையப் போவதில்லை, கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் வரைவேன் என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு அவருக்கு வாத்தியார் என்று யாருமே இல்லை.

சீனியருடைய ரெக்கார்ட் நோட்டை வாங்கி ரீடிங் முதல் கிராஃப் வரை அப்படியே எழுதும் நமக்கு இந்தப் பிடிவாதம் கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால் அவர் வாழ்க்கை முழுக்க நடந்த நல்லது, கெட்டது இரண்டுக்கும் காரணம் இந்த ஒரு முடிவுதான்.

பிறகு யார்க் நகரத்துக்குப் போனார். அங்கே சார்லஸ் அட்கின்சன் என்ற சர்ஜனிடம் மனித உடற்கூறியல் கற்றுக்கொண்டார். கொஞ்ச காலத்தில் மருத்துவ மாணவர்களுக்கே பாடம் நடத்தும் அளவுக்கு வந்துவிட்டார். ஜான் பர்ட்டன் என்ற டாக்டர் பிரசவ மருத்துவம் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் படம் வரையும் வேலையும் கிடைத்தது. படத்தை அச்சடிக்க வேண்டும் என்றால் அதைச் செப்புத் தகட்டில் கீறித் தர வேண்டும். ஸ்டப்ஸுக்கு அது தெரியாது. தெரியாது என்று விட்டுவிடவும் இல்லை. ஒரு தையல் ஊசியை மரக்குச்சியில் செருகி, அதையே கருவியாக வைத்து தானே பழகினார். 1751-இல் புத்தகம் வெளிவந்தது. படங்களில் அவர் பெயர் கிடையாது. வேலை அவருக்கே திருப்தியாக இல்லை. ஆனால் அந்த ஊசி வேலை 15 வருஷம் கழித்து அவரைக் காப்பாற்றியது.

1754-இல் ரோமுக்குப் போனார். எல்லா ஓவியர்களும் அங்கே போய் பழைய சிற்பங்களைப் பார்த்து மாதக்கணக்கில் வரைவார்கள். இவர் போனதோ, கலையைவிட இயற்கைதான் பெரியது என்று தனக்கே உறுதி செய்துகொள்ள. உறுதியானதும் கிளம்பி வந்துவிட்டார். பிறகு ஹார்க்ஸ்டோ.

அந்த வீட்டில் நடந்தது

குதிரையின் உடலைப் பற்றி அதற்கு முன்பு புத்தகமே இல்லை என்று சொல்ல முடியாது. இத்தாலிக்காரர் கார்லோ ரூயினி எழுதியது 1598-இலேயே வந்துவிட்டது. 1683-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஸ்னேப் ஒன்று போட்டார், ஆனால் அதில் இருந்த படங்கள் பெரும்பாலும் ரூயினியைப் பார்த்து வரைந்தவை. அதாவது காப்பி. ஒரு குதிரையை முழுசாகப் பிரித்துப் பார்த்து, அளந்து, அளவு மாறாமல் வரைந்த புத்தகம் இங்கிலாந்தில் இல்லை. ஸ்டப்ஸ் செய்யப் போனது அதைத்தான். நம்ம பாஷையில் சொன்னால் ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

எப்படிச் செய்தார்? முதலில் குதிரையின் கழுத்து நரம்பை வெட்டி, ரத்தம் முழுவதும் வடியவிட்டுக் கொல்வார். பிறகு ரத்தக் குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார். அது உறைந்ததும் குழாய்கள் சுருங்காமல், உயிரோடு இருந்தபோது இருந்த பருமனிலேயே நிற்கும். மேலே கூரையில் ஒரு இரும்புக் கம்பி. அதிலிருந்து சங்கிலியும் கொக்கியும் போட்டு முதுகெலும்பையும் விலா எலும்பையும் மாட்டி, குதிரையை நிற்கும் நிலையில் தூக்கி நிறுத்துவார். குளம்புகளுக்குக் கீழே தாங்க ஒரு பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் குதிரை நடந்து போகிற மாதிரியே இருக்கும்.

பிறகு தோலை உரிப்பார். முதல் தசை அடுக்கைப் பார்ப்பார், அளப்பார், வரைவார், குறிப்பு எழுதுவார். அந்த அடுக்கை வெட்டி எடுப்பார். அடுத்த அடுக்கு. இப்படியே எலும்பு வரும்வரை. ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். ஃபார்மலின் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு குதிரையோடு ஆறேழு வாரம் இருப்பார். ஒரு குதிரை மட்டும் 11 வாரம் தாங்கியது. நாற்றம் தாங்க முடியாத கட்டம் வந்ததும் அதை அப்புறப்படுத்திவிட்டு அடுத்த குதிரை. விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

இந்த வேலையில் மேரி ஸ்பென்சர் கூடவே இருந்தார். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டதாகப் பதிவு இல்லை. ஆனால் ஸ்டப்ஸ் சாகும் வரைக்கும், அதற்கப்புறம் அவர் படங்களைப் பாதுகாத்ததும் அவர்தான். ஸ்டப்ஸ் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதவில்லை. ஓசியாஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியர் அவரிடம் கேட்டு எழுதி வைத்தார். ஹார்க்ஸ்டோ கதை நமக்குக் கிடைத்ததே அதனால்தான்.

வரைந்த படங்களோடு லண்டன் போனார். செப்புத் தகட்டில் செதுக்கித் தரச் சொல்லி அங்கிருந்த கைதேர்ந்தவர்களைக் கேட்டார். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கைகொடுத்தது யார்க்கில் தையல் ஊசியோடு பழகிய பழக்கம். பகலில் பிழைப்புக்காக ஓவியம். விடியற்காலையும் ராத்திரியும் செப்புத் தகடு. இப்படியே பல வருஷம் ஓட்டி, 1766-இல் 'குதிரையின் உடற்கூறு' புத்தகத்தைக் கொண்டுவந்தார். 18 படங்கள். பக்கவாட்டில், முன்னால், பின்னால் என்று மூன்று கோணம். எலும்புக்கூடு தனியாக, ஒவ்வொரு தசை அடுக்கும் தனியாக. கூடவே எழுத்துகள் குறித்த கோட்டுப்படங்கள், எந்த எழுத்து எந்தப் பாகம் என்ற விளக்கத்தோடு. முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் ஃப்ரண்ட் வியூ, சைட் வியூ போட்டுத் திணறினோமே, அதையேதான் இந்த மனுஷன் அழுகும் உடலை வைத்துச் செய்திருக்கிறார். புத்தகம் ஐரோப்பா முழுக்கப் போனது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் ரொம்ப காலம் அதை வைத்திருந்தார்கள்.

பந்தயமும் பணமும்

ஸ்டப்ஸ் லண்டன் வந்த நேரமும் நல்ல நேரம். குதிரைப் பந்தயம் இங்கிலாந்தில் பெரிய பணக்காரர்களின் பைத்தியமாக மாறிக்கொண்டிருந்தது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்று கிழக்கிலிருந்து வந்த மூன்று ஆண் குதிரைகளை உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம்தான் தரோபிரெட். உலகத்தில் இன்று ஓடும் எந்த தரோபிரெட்டின் ஆண்வழியைப் பிடித்துப் பின்னால் போனாலும் அந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். 1750 வாக்கில் ஜாக்கி கிளப் வந்தது. நியூமார்க்கெட் பந்தயத்தின் தலைநகரம் ஆனது. ஜெயித்த குதிரை என்பது அந்தப் பிரபுக்களுக்குச் சொத்து, கௌரவம், அரசியல் எல்லாமே. அதற்கு ஒரு படம் வேண்டும்.

ஏற்கனவே குதிரைப் படம் வரைபவர்கள் இருந்தார்கள். அவர்கள் படத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரே மூஞ்சி, ஒரே உடம்பு. நிறம் மட்டும் மாறும். ஸ்டப்ஸ் வரைந்தால் அது அந்த ஒரு குதிரை மட்டும்தான். தோலுக்குக் கீழே எந்தத் தசை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். ரிச்மண்ட் டியூக் கூப்பிட்டார். அடுத்தது ராக்கிங்ஹாம் மார்க்விஸ், பிற்பாடு இரண்டு முறை பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர்.

ராக்கிங்ஹாமிடம் விசில்ஜாக்கெட் என்ற செம்பழுப்பு ஆண் குதிரை இருந்தது. வெளிர்நிறப் பிடரி. 1759-இல் யார்க்கில் 2000 கினி பந்தயத் தொகைக்கு நான்கு மைல் ஓடி ஜெயித்தது. 1762 வாக்கில் ஸ்டப்ஸ் அதை வரைந்தார். கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், நிஜக் குதிரை அளவு. முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரை. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, மேலே ஆள் இல்லை. பின்னால் மரம், வானம், தரை கூட இல்லை. வெறும் மங்கலான பொன் நிறம். காலுக்குக் கீழே கொஞ்சம் நிழல். அவ்வளவுதான்.

அரசர் மூன்றாம் ஜார்ஜை மேலே உட்கார வைக்கத்தான் இடம் விட்டார்கள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. இப்போதைய ஆய்வாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. அதே சமயத்தில் ராக்கிங்ஹாமுக்கே தாய்க் குதிரைகளும் குட்டிகளும் நிற்கும் படத்தையும் பின்னணி இல்லாமல்தான் வரைந்தார் ஸ்டப்ஸ். எனக்கு அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் ஹார்க்ஸ்டோ ஞாபகம்தான் வருகிறது. அங்கே கம்பியில் தொங்கிய குதிரைகளுக்கும் பின்னணி கிடையாது. அவை நிற்பது போல இருந்த சடலங்கள். இது சடலத்தைப் பார்த்துக் கற்றதை எல்லாம் போட்டு எழுப்பிய உயிர்.

1764-இல் சூரிய கிரகணம் அன்று பிறந்ததால் எக்லிப்ஸ் என்று பெயர் வாங்கிய குதிரையையும் வரைந்தார். அது 18 பந்தயம் ஓடி ஒன்றில்கூடத் தோற்காதது. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஆண்வழி எக்லிப்ஸ் வழியாகத்தான் போகிறது. கிம்கிராக் என்ற சின்ன சாம்பல் குதிரையையும் நியூமார்க்கெட்டில் வைத்து வரைந்தார். இந்த இரண்டு படத்திலும் பின்னால் ஒரே செங்கல் கட்டடம் வரும். ஓடி முடித்த குதிரையைத் துடைத்துவிடும் இடம் அது. அதை மட்டும் தனியாக வரைந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்.

அவர் படங்களில் இன்னொரு விஷயம். குதிரையின் முதலாளி பெரும்பாலும் படத்தில் இருக்க மாட்டார். ஜாக்கி இருப்பார், லாயப் பையன் இருப்பான், பயிற்சியாளர் இருப்பார். அவர்களையும் ஜோக்கர் மாதிரி வரையாமல், குதிரைக்குக் கொடுத்த அதே மரியாதையோடு வரைந்திருக்கிறார்.

மெட்ராஸிலிருந்து போன சிறுத்தை

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு இடம் உண்டு. மெட்ராஸில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், 1763-இல் பதவி முடிந்து ஊர் திரும்பினார். 1758-59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர். அவர் இந்தியாவிலிருந்து ஒரு வேட்டைச் சிறுத்தையைக் கொண்டுபோய் அரசருக்குப் பரிசாகக் கொடுத்தார். அதோடு அதைப் பழக்கத் தெரிந்த இந்தியர்களும் போனார்கள்.

1764 ஜூனில் விண்ட்ஸரில் வலை கட்டி, சிறுத்தையை ஒரு மான் மேல் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மான் திருப்பி முட்டியது. சிறுத்தை பின்வாங்கியது. வேடிக்கை ஊத்திக்கொண்டது. ஸ்டப்ஸ் வரைந்தது அதற்கு ஒரு நொடி முன்னால். ஒருவர் சிறுத்தையின் கண்ணை மூடிய சிவப்புத் துணியை மேலே தள்ளிப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் மானைக் காட்டுகிறார். இரண்டு பேருக்கும் இரண்டு தனி முகம். அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியங்களில் இந்தியர்களைப் பொம்மை மாதிரி ஓரத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். ஸ்டப்ஸ் யாரைப் பார்த்தாலும் உற்றுத்தான் பார்த்தார். இந்தப் படம் இப்போது மான்செஸ்டரில் இருக்கிறது. இந்தியாவில் அந்த வேட்டைச் சிறுத்தை இனம் அழிந்துவிட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. பிகட் மறுபடி மெட்ராஸுக்கே கவர்னராக வந்து, சொந்தக் கவுன்சிலாலேயே சிறைவைக்கப்பட்டு 1777-இல் இறந்தது தனிக்கதை.

பிடிவாதத்தின் பில்

இவ்வளவு திறமை இருந்தும் லண்டன் ஓவிய உலகம் அவரை முழுசாக ஏற்கவில்லை. புராணம், வரலாறு வரைபவர்தான் பெரிய ஓவியர், குதிரை வரைபவர் குதிரைப் படக்காரர் என்பது அவர்கள் கணக்கு. அந்த முத்திரையைப் போக்க ஸ்டப்ஸ் வேறு பக்கம் முயன்றார். நிறம் மங்காமல் நிலைக்க எனாமல் ஓவியத்தை எடுத்தார். செப்புத் தகடு போதிய அளவுக்குப் பெரிதாகக் கிடைக்காததால் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபரைப் பிடித்தார். பெரிய பீங்கான் பலகை சூளையில் வளையாமல், விரிசல் விடாமல் வரவேண்டும். பல முறை தோற்று, கடைசியில் வெட்ஜ்வுட் செய்து கொடுத்தார். தொழில்நுட்பம் ஜெயித்தது. படங்கள் விற்கவில்லை.

ராயல் அகாடமி 1781-இல் அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி உறுப்பினர் ஒரு ஓவியத்தை அகாடமிக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் தன் எனாமல் படங்களை அங்கே மாட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓவியம் கொடுக்கவே இல்லை. முழு உறுப்பினர் பதவி போனது. 1790-களில் பந்தயக் குதிரைகளின் வரலாற்றையே வரிசையாக வரைந்து வெளியிடும் ஒரு திட்டம் தொடங்கி, அதுவும் பாதியில் நின்றது.

75 வயசில் கடைசியாக ஒரு பெரிய படம். 1799 மார்ச்சில் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன், டைமண்ட் என்ற இரண்டு குதிரைகளுக்கு நடுவே 3000 கினிக்கு நான்கு மைல் பந்தயம். சவுக்கடியும் குதிமுள்ளும் தாங்கி, ரத்தம் வடிய ஓடி, அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஹாம்பிள்டோனியன் ஜெயித்தது. முதலாளி சர் ஹென்றி வேன் டெம்பஸ்ட் படம் கேட்டார். ஸ்டப்ஸ் வரைந்ததில் கூட்டம் இல்லை, கொண்டாட்டம் இல்லை, முதலாளியும் இல்லை. ஓடிக் களைத்த குதிரை, காதுகள் பின்னால் மடிந்திருக்க, வாய் திறந்து நிற்கிறது. பக்கத்தில் இரண்டு பணியாளர்கள். அதில் லாயப் பையன் குதிரையின் மேல் கையைப் போட்டபடி நம்மை நேராகப் பார்க்கிறான். ஜெயிப்பதற்கு அந்த உடல் என்ன கொடுத்தது என்பதை மட்டும் வரைந்திருக்கிறார். முதலாளி பணம் கொடுக்க மறுத்தார். ஸ்டப்ஸ் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்.

அதற்கப்புறமும் அவர் அறுவைக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மனிதன், புலி, கோழி மூன்றின் உடலையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தார். அது முடியாமலேயே 1806 ஜூலை 10 அன்று 81 வயசில் இறந்தார்.

ஒரே ஒரு இடத்தில்

பார்த்ததை மட்டும் வரைவேன் என்ற ஸ்டப்ஸுக்கும் ஒன்று பிடிபடவில்லை. கிம்கிராக் படத்தில் தூரத்தில் ஒரு பந்தயம் ஓடும். அந்தக் குதிரைகள் முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு பறக்கும். நிஜத்தில் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த போட்டோக்கள்தான் உண்மையைக் காட்டின. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது நிஜம், ஆனால் அது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும் நொடியில். மனிதக் கண்ணின் வேகம் அதற்குப் போதாது. ஸ்டப்ஸுக்கு நிற்கும் குதிரையின் ஒவ்வொரு நாரும் தெரியும். ஓடும் குதிரை விஷயத்தில், மற்றவர்கள் வரைந்த மாதிரியேதான் அவரும் வரைய வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க எதைத் தவிர்த்தாரோ, அங்கே அதையே செய்திருக்கிறார்.

அவர் இறந்த பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் குதிரைப் படக்காரராகவே நினைக்கப்பட்டார். 20-ஆம் நூற்றாண்டில் பால் மெலன் என்ற அமெரிக்கர் தேடித் தேடி வாங்கிய பிறகுதான் பார்வை மாறியது. 1997-இல் லண்டன் நேஷனல் கேலரி விசில்ஜாக்கெட்டை 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2011-இல் கிம்கிராக் படம் 2.2 கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. ஹார்க்ஸ்டோவில் வரைந்த தாள்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? அவர் ஒரு படம் கொடுக்க மறுத்த அதே ராயல் அகாடமியில்.

விசில்ஜாக்கெட், எக்லிப்ஸ், கிம்கிராக், ஹாம்பிள்டோனியன். பந்தயக் குதிரைகளுக்குப் பெயர் உண்டு, வம்சாவளி உண்டு, ஏடு உண்டு. ஹார்க்ஸ்டோவுக்கு வந்த குதிரைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. அவற்றைக் கொன்றது சரியா என்று இன்றைக்குக் கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. அவை இல்லாமல் அந்தப் புத்தகமும் இல்லை, விசில்ஜாக்கெட்டும் இல்லை. இந்த மாதம் செமஸ்டர் பரபரப்புக்கு நடுவே ஐந்து நிமிஷம் கிடைத்தால் விசில்ஜாக்கெட் படத்தைத் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே தோல் லேசாகப் புடைத்து, அடியில் ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அந்த நரம்பு எங்கே ஓடும் என்று ஸ்டப்ஸுக்குக் கற்றுக்கொடுத்தது பெயர் தெரியாத ஒரு குதிரை.